பல் டாக்டர் மாடிக்கு வந்த கயிறு

பிள்ளைகளா, நேற்று சாயங்காலம் அடுத்த வீட்டு வாத்தியார் பல் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டு, கூட்டமாக இருந்தது என்று சொல்லித் திரும்பி வந்தார் அல்லவா. அங்கே ஈ காக்கைகூட இல்லை என்று உங்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். சின்னவள் அவரைப்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தும் காட்டினாள். நன்றாகத்தான் நடித்தாள், நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு எனக்கு உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, ஞாபகத்துக்கு வந்தார். அவரை நீங்கள் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அரிசிக்கு வரிசையில் நிற்போம், இருட்டினால் துறைமுகத்தில் விளக்கு எரியாது. ஆனாலும் சங்கு குளி நிற்கவில்லை. தோணியில் வெகுதூரம் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி மணலுக்கு இறங்கி, கைக்குக் கிடைத்த சங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அதன் மறுமுனை தோணியில் நிற்பவர் கையில் இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், மேலே இருப்பவர் அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும்.

அந்தக் கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் அக்காள் தாலி அறுக்க எந்தத் தம்பியும் சம்மதிக்க மாட்டான் என்பது கடற்கரைக்காரர்களின் கணக்கு. என் அப்பாவின் கயிற்றைப் பிடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

அந்த வருஷம் குளி தொடங்கக் கொஞ்ச நாளே இருக்கும்போது அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி வந்தது. அம்மா கிராம்பைத் தட்டி வைத்தாள். உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொன்னாள். கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். கன்னம் மட்டும் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே வந்தது. சாதாரண ஆளாக இருந்தால் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடக்கலாம். சங்கு குளிக்கிறவருக்கு அது நடக்காது. சொத்தைப் பல்லோடு ஆழத்துக்குப் போனால், கீழே போகப் போகத் தண்ணீரின் பாரம் அந்தப் பல்லைப் பிடித்துத் திருகும். ஒருநாள் பரீட்சை பார்க்க இறங்கியவர், பாதி ஆழத்திலேயே கன்னத்தைப் பொத்திக்கொண்டு மேலே வந்துவிட்டார். தோணிச் சொந்தக்காரரான சம்மாட்டி அதைப் பார்த்துவிட்டு, குளி தொடங்குவதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். அப்பா இறங்காவிட்டால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

பெரிய தெருவில் ஒரு மாடியில் பல் டாக்டர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஏரல் பக்கத்துக்காரர். சின்ன வயதிலேயே ரங்கூனுக்குப் போய், அங்கே ஒரு சீனரிடம் இந்த வைத்தியத்தைப் படித்து, குண்டு விழுந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தவர். அம்மா அப்பாவை அங்கே போகச் சொன்னாள். கூட என்னையும் அனுப்பினாள். மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடி வர வெட்கப்படுவார் என்பது அவள் யோசனை. எனக்கு அது தெரியாது. என்னை ஏதோ பெரிய மனுஷனாக மதித்து அனுப்புகிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

மாடியில் ஒரு மர நாற்காலி, ஒரு பீங்கான் கிண்ணம், காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு குடைசல் யந்திரம். சுவரில் உதடே இல்லாமல் சிரிக்கிற இரண்டு வரிசைப் பற்கள் படமாகத் தொங்கின. டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"என்ன தொழில் பாக்கீய அண்ணாச்சி?"

"குளிக்கது."

"அது எல்லாரும் குளிக்கதுதான். தொழில் என்னன்னு கேக்கேன்."

"அதத்தான் சொல்லுதேன். குளிக்கதுதான் தொழில்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சங்கு" என்றேன் நான். அவர் அப்போதுதான் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார்.

அப்பாவை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொன்னார். அப்பா கண்ணை மூடினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வாயை இறுக்கி மூடி, இரண்டு விரலால் மூக்கையும் பிடித்துக்கொண்டார். அப்படியே அசையாமல் இருந்தார்.

டாக்டர் காத்திருந்தார். "வாயத் தொறங்க அண்ணாச்சி" என்றார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். சாதாரண மனுஷன் மூச்சு விட்டிருக்க வேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது. டாக்டருக்கு வேர்த்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் செம்பில் இருந்த தண்ணீரை எடுத்து முகத்தில் பளிச்சென்று அடித்தார். தண்ணீர் பட்டதுதான் தாமதம், அப்பா துள்ளி எழுந்தார். எழுந்தவர் படி இறங்கித் தெருவில் போய்த்தான் நின்றார்.

வரும் வழியில் எனக்குக் காராச்சேவு வாங்கித் தந்தார். நான் கேட்கவே இல்லை.

"டாக்டர் இல்ல" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் வாய் நிறையச் சேவு இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "டாக்டர் இருந்தாரு. நாற்காலியும் இருந்துச்சு."

மறுநாள் அம்மா மாமாவுக்கு ஆள் அனுப்பினாள். மாமா பெரிய கேலிக்காரர். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்பு இருக்கும். ஆனால் அந்த வருஷம் ஏனோ எங்கள் வீட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை. அன்றைக்கு வந்தவர் உள்ளே வராமல் குசினி வாசலிலேயே நின்றார். அடுப்புப் புகைக்குள்ளிருந்து அம்மா சொன்னாள்:

"கேட்டியா தம்பி, ஒங்க அத்தான் சுறாவ நேருக்கு நேரு பாத்துட்டு வந்தவரு. கொறடப் பாத்துட்டு ஓடி வந்திருக்காரு."

"ஏளா, கொறடுக்கு யாரு பயந்தா?" என்றார் அப்பா. வீங்கின கன்னத்தோடு பேச்சு குழறியது. "வலி எனக்குப் புதுசா? மல்லாந்து கெடந்து வாயத் தொறக்கணும்ங்கான். தொறந்தா எச்சி தொண்டைக்கு வருது. வாய் தொறந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? எந்திரிக்கணும்னா நான் யாருகிட்டச் சொல்ல? வாய்க்குள்ளதான் அவன் கையி கெடக்கே."

மாமா இதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்பம்னா கயிறு வச்சுக்கிடுவமா அத்தான்?"

அப்பா மாமாவின் கையைப் பார்த்தார். "வச்சுப் பாப்போம்" என்றார்.

அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் மாடி ஏறினோம். மாமா தோளில் கயிற்றுச் சுருள். டாக்டர் முதலில் அப்பாவைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார். பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"என்னய்யா இது? ஆளக் கெட்டிப்போட்டு வைத்தியம் பாக்குற எடமில்ல இது."

"கெட்டுறதுக்கு இல்ல டாக்டரய்யா, தூக்குறதுக்கு" என்று மாமா விளக்கினார். ஒரு முனை அப்பா கையில். மறுமுனை நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற மாமா கையில். அப்பா இழுத்தால் மாமா "ஏத்து" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் டாக்டர் வாயில் இருக்கிற கையை எடுத்துவிட வேண்டும். அப்பா மூச்சு வாங்கிக்கொள்வார். பிறகு அவராகத்தான் வாயைத் திறப்பார்.

"பல்லு பாதி வந்துட்டிருக்கையில இழுத்தாருன்னா?"

"இழுத்தா எடுத்துரணும்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரங்கூன்ல இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டு, "சரி, ஒக்காருங்க" என்றார்.

டாக்டர் பல்லைப் பார்க்கிற கண்ணாடிக் குச்சியை எடுக்கக் கையை நீட்டியதுமே அப்பா இழுத்தார். "ஏத்து" என்றார் மாமா. டாக்டர் கையை மடக்கிக்கொண்டார். குச்சி வாய்க்குள் போனதும் மறுபடி ஒரு இழுப்பு. "ஏத்து." ஊசிக்கு முன்னால் ஒரு தடவை, ஊசி போட்டு மரத்துப்போனபின் ஒரு தடவை. டாக்டர் கை கழுவ அந்தப் பக்கம் திரும்பி நின்றபோது, வாயில் ஒன்றுமே இல்லாத நேரத்தில், அப்பா இழுத்தார். மாமா அப்போதும் தயங்காமல் "ஏத்து" என்றார். பாவம், டாக்டர் முதுகைக் காட்டியபடியே ஈரக் கை இரண்டையும் மேலே தூக்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மற்ற மூன்று பேரும் சிரிக்கவில்லை.

மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. டாக்டரின் கையையும் பார்க்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காதோரம் வேர்வை வழிந்தது. பிடுங்குவது அப்பாவுக்கு, வேர்ப்பது இவருக்கா என்று நினைத்துக்கொண்டேன்.

போகப் போக இழுப்பு குறைந்தது. டாக்டர் பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்தார். அப்பா வாயை அகலத் திறந்தார். அந்த நாற்காலியில் முதல் தடவையாக அவர் மூச்சைப் பிடிக்காமல் சாதாரணமாக விட்டுக்கொண்டு கிடந்தார். கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. உள்ளே ஏதோ நெரிகிற சத்தம் கேட்டது. அப்பாவின் கால் விரல்கள் மடங்கின. கயிறு அசையவில்லை. பீங்கான் கிண்ணத்தில் ‘டிங்’ என்று பல் விழுந்தது.

"முடிஞ்சிது அண்ணாச்சி" என்றார் டாக்டர்.

அப்பா பல்லைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி மாமாவைப் பார்த்தார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "மாப்ள, குளிக்கு நீயே பிடி" என்றார்.

மாமா கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அது சின்னக் கயிறுதான். ஆனாலும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு வெகுநேரம் சுருட்டினார். இரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, அவன் பயந்தாங்குளி" என்றாள். அந்த வருஷம் அப்பா இறங்கினார். மாமா பிடித்தார்.

நான் பெரியவனாகிக் கல்யாணம் முடிந்த பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னாள். அதற்கு முந்தின வருஷம், குளியின் கடைசி நாட்களில், அப்பா அடியிலிருந்து கயிற்றை இழுத்திருக்கிறார். மாமா பக்கத்துத் தோணிக்காரனோடு ஏதோ கேலி பேசிக்கொண்டு, கவனிக்காமல் இருந்துவிட்டார். அப்பா மறுபடி இழுத்திருக்கிறார். கடைசியில் கடலுக்கடியில் வாயைத் திறந்துவிட்டார். எப்படியோ தாமாக மேலே வந்து சேர்ந்தார். அதைப்பற்றி மாமாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மாமாவும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த குளிக்குக் கயிறு பிடிக்க வேறு ஆளைப் பார்க்கலாமா என்று மட்டும் அப்பா அம்மாவிடம் மெல்லக் கேட்டிருக்கிறார்.

அந்த மாடியில் அப்பா டாக்டரைச் சோதிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர்கூட அப்படித்தான் நினைத்திருப்பார். மாமா மட்டும் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

பல் பிடுங்கின அன்று சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கடற்கரைக்குப் போனேன். கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு தோணிக்குள் இறங்கி, அடிப்பலகையில் மல்லாந்து படுத்தேன். வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தேன். ஒரு காக்கை மேலே பறந்து போனது. கொஞ்ச நேரத்தில் எச்சில் ஊறித் தொண்டைக்கு வந்தது. விழுங்கினேன். மறுபடி திறந்தேன். இவ்வளவுதானா, இதற்கா அப்பா பயந்தார் என்று நினைத்துக்கொண்டு, எழுந்து மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.