பரிசோதகரின் ஷொக்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கொடி காட்ட நான் போயிருந்தேன். கடையில் விற்கிறபடியேதான் பைக் ஓட வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்க வந்த பரிசோதகர் ஒல்லியானவர். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். ஒவ்வொரு பைக்கின் பின் ஷொக் அப்சோபரையும் தன் லேஞ்சியால் துடைத்து, அதில் பொறித்திருந்த இலக்கத்தைக் குனிந்து வாசிப்பார்.

தோப்பூரிலிருந்து வந்த ஒருவரின் பைக்கில் வேறு ஷொக் இருந்தது.

“கம்பனிச் சாமான் பழுதாப் போச்சு சேர். இது மலிவுச் சாமான். இதால எனக்கு ஒரு லாபமும் இல்லை.”

“மட்டமோ திறமோ, கம்பனிச் சாமான் இல்லாட்டி ஓட ஏலாது.”

சொல்லிவிட்டு, அதே ரகமான தன் சொந்த பைக்கின் ஷொக்கைக் கழற்றிக் கொடுத்தார். தோப்பூர்க்காரர் முதலாவதாக வந்தார்.

வென்ற பைக்கை மறுபடி பார்ப்பது வழக்கம். பரிசோதகர் ஷொக்கைத் துடைத்தார், வாசித்தார், மீண்டும் துடைத்தார்.

“இதுவும் கம்பனிச் சாமான் இல்லை. முதலிடம் தர ஏலாது.”

“சேர், இது உங்கட ஷொக்!”

“ஓம். கராஜில மாத்திப் போட்டாங்கள் போல. என்ர பைக் எண்டு நான் பாக்கேல்லை.”

தோப்பூர்க்காரர் அதைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனார். கோப்பை அடுத்தவருக்குப் போனது.

பரிசோதகர் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. குந்தியிருந்து ஷொக்கைத் தன் பைக்கில் பூட்டுமுன், இன்னொரு தரம் துடைத்து இலக்கத்தை வாசித்தார். எதை எதிர்பார்த்து வாசித்தாரோ, எனக்கு இன்றும் தெரியாது.