எதிர்த்துப் பேசாத போன்

எண்பத்தாறாம் வருஷம் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு வதந்தி உலவியது. பாப்பாரப்பட்டியில் ஒரு புளி மண்டி முதலாளி வைத்திருக்கும் போன் எதிர்த்தே பேசாதாம். மச்சானோ வேலையாளோ, அந்தப் பக்கம் யார் இருந்தாலும் வாயடைத்துப் போவார்களாம். டீக்கடையில் இதைச் சொன்னவர் இரண்டு பெண்டாட்டிக்காரர். கண்ணில் ஏக்கம் தெரிந்தது. பார்த்துவிடுவோம் என்று மறுநாள் பஸ் ஏறினேன்.

போனை மாட்டியவர் ஹயாத் பாஷா. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மைக் செட் கட்டியே பதினைந்து வருஷம் ஓட்டியவர். மைக் கட்டுகிறவர் என்ற பெயர் போய் 'இன்டர்காம் பாய்' என்று நாலு பேர் கூப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. புளி மண்டி சென்னப்பனின் கடைக்கும் குடோனுக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு இன்டர்காம் லைன் இழுத்து, அது சரியாக வேலை செய்தால், மண்டித் தெருவின் மற்ற பத்துக் கடைகளும் அவருக்குத்தான் என்று பேச்சு.

பெங்களூர் போய் இரண்டு கருவிகளும், உள்ளே மூன்று இழை ஓடும் ஒல்லி ஒயரும் வாங்கி வந்தார். புளி வியாபாரி எதையும் கையால் நசுக்கித்தானே விலை சொல்வார்? சென்னப்பன் ஒயரை நசுக்கினார்.

"என்ன பாய், பூக் கட்டற நாரா இது? என் பேச்சு இதுல போவுமா?"

"போவுங்க மொதலாளி. வெளிநாட்டுல தலமுடி தண்டி கண்ணாடி நூல்லயே பேச்சு வெளிச்சமாப் போவுதாம். புஸ்தகத்துல போட்டிருக்காங்க."

"ஒடஞ்சா கால்ல குத்தாது? எங்கூட்டுல கெணத்து மோட்டார் ஒயரு மிச்சம் கெடக்குது, பெருவெரல் தண்டி. தண்ணிய ஏத்தறது பேச்ச ஏத்தாதா? அதையே போடு."

அந்தத் தடியனுக்குள் இருந்தது இரண்டே இழை. கருவிக்கோ மூன்று வேண்டும்: பேச்சு போக ஒன்று, பதில் வர ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. ஒரு பக்கப் பேச்சுதான் போகும் என்றால் முதலாளியுடையதே போகட்டும் என்று பாஷா இணைத்துவிட்டார். பதில் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கும்போது விளக்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

மூன்று மாதம் காத்திருந்தார். சென்னப்பன் கேட்கவே இல்லை. "பத்து மூட்ட ஏத்து" என்பார், வைத்துவிடுவார். பிறந்ததிலிருந்தே அவர் அப்படித்தான்.

பக்கத்து மண்டி காளியப்பன் சோதித்துப் பார்க்க வந்தபோதுதான் குட்டு உடைந்தது. "என்னய்யா, ஒண்ணுமே கேக்கல?"

"கேக்கறதுக்கா போனு? சொல்றதுக்குய்யா!"

"கேக்காத போனு எங்களுக்கு வேணாம்."

பத்துக் கடையும் கைநழுவுவதைப் பாஷா பார்த்தார். அன்றைக்கே ஒல்லி ஒயரை இழுத்துக் கட்டினார். எல்லா முதலாளிகளுக்கும் கேட்கட்டும் என்று, பழக்கதோஷத்தில், கடை வாசலில் ஒரு மைக் செட் குழாயையும் சேர்த்து மாட்டினார்.

மற்ற பத்து முதலாளிகளும் சூழ்ந்து நிற்க, சென்னப்பன் போனை எடுத்தார். "மாது, இருவது மூட்ட ஏத்து."

குடோன் எடைக்காரர் மாது, தான் சொல்வது எதுவும் அங்கே போகவில்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தவர். ஒயர் மாறிய சங்கதி அவருக்குத் தெரியாது. குழாய் முழங்கியது:

"வந்துட்டான்யா உறுமறதுக்கு! லாரியே வரல, எதுல ஏத்த, உன் தொப்ப மேலயா? எறங்கி வந்து ஒரு மூட்ட தூக்கிப் பாரு, தொர!"

எதிர்க்கடை எருமைகூடத் திரும்பிப் பார்த்தது. சென்னப்பன் முகம் பழம்புளியாகக் கறுத்தது.

பாஷா சட்டென்று குறுக்கே விழுந்தார். "ரேடியோ நாடகங்க மொதலாளி. லைன்ல புகுந்துகிச்சு."

சென்னப்பன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆமாமா. நாடகந்தான்."

காளியப்பன் தொண்டையைச் செருமினார். தன் குடோன் ஆளை நினைத்துப் பார்த்திருப்பார். "பாய், இந்த நாடகம் எங்க கடைல கேக்க வேணாம். அந்த ரெண்டு இழை ஒயரையே போட்டுடுங்க."

"எனக்கும்." "எங்களுக்கும்." கடைசியாக, தரையைப் பார்த்தபடி, சென்னப்பன்: "பழசையே மாட்டிடு."

ஆக, வதந்தி பொய். போன் எதிர்த்துப் பேசத்தான் செய்கிறது. பதினோரு குடோனிலும் ஆட்கள் வாயார ஏசுகிறார்கள். இந்தப் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான். ஹயாத் பாஷாவை இன்று ஊரே இன்டர்காம் பாய் என்கிறது.

நாடகத்தைச் சொல்லித் தன் வேலையைக் காப்பாற்றியதற்காக, கொட்டை எடுத்த புளி இரண்டு கிலோ தருவதாக மாது சொல்லியிருந்தார். பாஷாவின் மனைவி வஹிதா ரசம் வைக்கும்போதெல்லாம் விசாரிக்கிறார். நான் போன அன்றும் பாஷா சென்னப்பன் கடைப் போனை எடுத்து, "மாது, புளி என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரப்போவதுபோல் காதிலேயே வைத்திருந்தார்.