யார்டில் நின்ற ரயில்

காரைக்காலில் ரயில் நின்றுபோன கதையை எடுத்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எனக்கோ சிரிப்புத்தான் வரும்.

பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாதை அது. பேரளத்திலிருந்து வரும் கடைசி வண்டி, ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த யார்டில் இரவு தங்கி, காலையில் திரும்பும். அறுவடை சமயத்தில் அங்கே நெல் மூட்டை வேகன்கள் நிற்கும். மற்ற நாட்களில் காலிப் பெட்டிகளும் அவற்றின் நிழலில் ஆடுகளும்தான். அந்தக் காலை வண்டியில்தான் சித்தி சீசன் டிக்கெட்டோடு பேரளத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேலைக்குப் போய்வந்தாள். பஸ்ஸில் இடிபட்டுப் போவது குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்பது சித்தப்பாவின் சட்டம். கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாராம்: "ரயில் நிக்கிற அன்னிக்கு உன் வேலையும் நின்னுடணும்."

எண்பதுகளில் ஒருநாள், சாயங்காலம் வந்த வண்டியே கடைசி என்று சொல்லிவிட்டார்கள். காலிப் பெட்டிகளை மறுநாள் காலையில் இழுத்துப் போய்விடுவார்களாம். சித்தப்பா அன்றே சித்தியின் ராஜினாமாக் கடிதத்தைத் தாமே எழுதி நீட்டினார். வாங்கிப் படித்த சித்தி, அதிலிருந்த ஒரு பிழையைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் புதுச்சேரி அரசுக்கு விடுமுறை. எனக்கும் பள்ளிக்கூடமில்லை, சித்தப்பாவுக்கும் ஆபீஸில்லை. பேரளம் தமிழ்நாடாயிற்றே, அங்கே உண்டு. சித்தி சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். நேரே யார்டுக்குப் போய், எஞ்சின் மாட்டியிருந்த பெட்டியில் ஏறித் தன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலி வண்டிங்கம்மா, ஆளு ஏறக்கூடாது" என்றார் கார்டு.

"பேரளம் வழியாத்தானே போவுது? சீசன் இன்னும் பதினோரு நாள் இருக்குங்க, பாத்துக்குங்க."

அதற்குள் சித்தப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். "இறங்குடி! ரயில் நின்னாச்சுன்னு ஊருக்கே தெரியும்!"

சித்தி அசையவில்லை. கார்டு சித்தப்பாவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிறகு பச்சைக் கொடியைக் காட்டினார். எஞ்சின் ஊதியது.

"எங்கங்க நின்னுது? ஓடுதே!" என்றாள் சித்தி.

கீழே நின்றிருந்த நான் பெட்டியோடு கூடவே ஓடினேன். "சித்தி, இந்த வண்டி திரும்பி வராதே! நீ எப்படி வருவே?"

"பஸ்ஸுல!" என்று யார்டே கேட்கும்படி கத்தினாள்.

சாயங்காலம் பஸ்ஸில்தான் வந்தாள். ஓய்வு பெறும்வரை பஸ்ஸிலேயே போய்வந்தாள். கேள்வி கேட்டது நான். அதனால் பதிலும் எனக்குத்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.