கஸ்தூரி அக்காவின் கண் தாண்டிய நாட்கள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு திரும்பும் பேருந்தில் இருந்தபோது ரஹீம் பாய் போன் செய்தார். மீன் ஏலத்தில் என் பக்கத்தில் நிற்பவர். "கஸ்தூரிக்கா பூட்டாங்கப்பா. தூக்கத்துலயே" என்றார். நான் மறுபடி கேட்டேன். அவரும் அதையே மறுபடி சொன்னார்.

ஏலம் கூறும் அக்காவுக்குக் குரலைவிடக் கண்தான் பேர் வாங்கிக் கொடுத்தது. இங்கே கூடியிருக்கும் உங்களில் அவரோடு ஏலத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும். ஏலத்தில் நாங்கள் யாரும் வாய்திறந்து விலை கேட்பதில்லை. ஒருவர் புருவத்தை உயர்த்துவார், ஒருவர் தாடையை ஆட்டுவார். அக்காவின் கண் முகத்துக்கு முகம் தாவி, கேட்டவர் மேல் சரியாக நிற்கும்.

சென்ற ஆண்டு ஒரு நாள் தலைசுற்றி வாந்தி எடுத்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் படுத்தவர், மறுவாரமே ஏலத்துக்கு வந்துவிட்டார். அன்று நண்டுக் கூடைக்கு நான் புருவத்தை உயர்த்தினேன். அக்கா அதை எனக்கு அடுத்து நின்ற டீக்கடை முருகனுக்கு முடித்துவிட்டார். "நான் கிளாஸ் எடுக்க வந்தேன்க்கா" என்றார் முருகன். ரஹீம் பாய் கேட்ட இறால், பறவை பார்க்க வந்த வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போனது. மறுக்கத் தெரியாமல் அவர் வாங்கிக்கொண்டார்.

ஏலத்தை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. கணவர் இல்லாத அந்த வீடு ஏலத்தால்தான் நடந்தது. அக்காவின் மகளும் நானும் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் ஒரு பேனாவையும் விரலையும் காட்டி மாறி மாறிப் பார்க்கச் சொன்னார். கண் விரலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கண் எவ்வளவு தூரம் தாவ வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பின்மண்டையில் உள்ள சிறுமூளைதான் அளந்து கொடுக்கிறதாம். ரத்த ஓட்டம் தடைபட்டு அதில் ஒரு சிறு பகுதி கெட்டிருந்தது. தாவல் தவறினால் அடுத்ததைத் திருத்துவதும் சிறுமூளையின் வேலைதான். மீதி நன்றாக இருப்பதால் பழகப் பழகச் சரியாகலாம் என்றார் டாக்டர்.

"அப்போ கண்ணு நல்லாத்தான் கீது. பிரேக்குதான் வீக்கு" என்றார் அக்கா.

திரும்பும் ரயில் மீஞ்சூரில் நின்றபோது, "ஏலத்துல எல்லாரையும் தள்ளித் தள்ளி நிக்க வெச்சா இன்னா? கண்ணு தாண்டினாலும் காலி எடத்துலதான உழும்" என்றார்.

மறுநாள் நாங்கள் பள்ளிக்கூட டிரில் வகுப்புபோல் கை நீட்டி இடைவெளி விட்டு நின்றோம். கண் மணலில் விழுந்தது. அங்கே ஆள் இல்லாததால் திரும்பி வந்து கேட்டவரைப் பிடித்தது. ஆள் மாற்றும் பேச்சு அடங்கியது. சில மாதங்களில் கண்ணும் பழையபடி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தொடங்கியது.

ஆனாலும் ஒவ்வொரு ஏலத்தையும் முடிக்கும் முன் அக்கா, "நீதான கேட்ட?" என்று ஒருமுறை கேட்பார். கண்தான் சரியாகிவிட்டதே, இன்னும் எதற்கு என்றேன்.

"கண்ணு சரியாயிடிச்சிப்பா. நான் பாக்கறதுதான் சரின்னு ஒரு திமிரு இருந்துச்சே, அது திரும்பி வரக் கூடாதுன்னுதான்."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். நேற்று குழம்பில் உப்புக் கரித்தது. மனைவியைக் கடிந்துகொள்ள வாயெடுத்தவன் நிறுத்தி, "நீதான போட்ட?" என்று கேட்டேன். இரண்டாம் தடவை போட்டது நானாம்.