வெருகலுக்கு முன்னால் ஒரு வளவு

நான் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் வாசிக்கிறவன். இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வீட்டு வளவுகளுக்குள் ஏறி இறங்கியிருக்கிறேன், ஆள் செத்து மூன்றாம் நாள் வீடு, வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு, பேய் உலாவுது என்று வீட்டுக்காரரே சத்தியம் பண்ணின வீடு, எல்லாம் பார்த்தாயிற்று. நாயைத் தவிர ஒன்றுக்கும் நான் பயந்ததில்லை. அந்த நாய்ப் பயத்தால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, எந்த வளவுக்குள் கால் வைத்தாலும் வெளியே வருகிற வழியைத்தான் கண் முதலில் பார்த்துவைக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேட்டு முடிந்ததும் இந்த ஆளுக்கு வெயிலில் மண்டை குழம்பிவிட்டது என்றுதான் சொல்வீர்கள், சொல்லுங்கள், என் மனைவியும் அதைத்தான் சொன்னாள்.

எங்கள் கோயிலில் இருந்து ஒவ்வொரு வருடமும் பாதயாத்திரை போவோம். கிண்ணியா, மூதூர், வெருகல் என்று கடற்கரைப் பக்கமாகவே நடந்து, மட்டக்களப்புக் காட்டுக்குள் இருக்கிற மாதா கோயில் வரைக்கும். அந்த வருடம் பூசை முடிந்ததும் ஃபாதர் சொன்னார், முகாமில் உள்ள கத்தோலிக்க ஆமிக்காரர் ஆறு பேர் எங்களோடு நடக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று. வந்த ஆறு பேரும் சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்கள ஆட்கள். சாரமும் ரீசேட்டும், வெறுங்கால், கழுத்தில் செபமாலை. எங்களில் ஒருவர் மாதிரித்தான் வந்தார்கள், ஆனால் தலைமயிர் வெட்டு காட்டிக்கொடுத்துவிடும் தானே. எங்கள் சனம் மெல்ல மெல்ல முன்னுக்குப் போய்விட்டது. எனக்குச் சிங்களம் ஓடும் என்பதால் அவர்களோடு நடக்கச் சொல்லி ஃபாதர் என்னைப் பின்னுக்கு விட்டார். பொய் சொல்ல மாட்டேன், முதல் நாள் எனக்கும் அது பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் எல்லாருடைய காலிலும் கொப்புளம் வந்த பிறகு அந்த எண்ணம் எங்கேயோ போய்விட்டது.

அவர்களில் மூத்தவர் சார்ஜன்ட் நிஷாந்த. நாற்பது தாண்டியவர், பென்சனுக்குக் கிட்ட, அதிகம் கதைக்க மாட்டார். மூதூர் தாண்டி மூன்றாம் நாள் மத்தியானம் அவருடைய குதிக்கால் வெடித்துவிட்டது. நானும் அவரும் பின்தங்கினோம், எங்களோடு றுவன் என்ற ஆமிக்காரரும் நின்றார், அவருடைய முறை என்பதால் மரச்சிலுவை அவர் தோளில் இருந்தது. அந்தச் சிலுவையை நிலத்தில் வைக்கக் கூடாது, அது எங்கள் யாத்திரையின் கட்டுப்பாடு. லவுட்ஸ்பீக்கர் கட்டின உழவுமெஷின் வளைவுக்கு அப்பால் போய்விட்டது, செபமாலை சொல்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

போத்தலில் தண்ணீர் முடிந்துவிட்டது. ரோட்டோரம் ஒரு வளவு, நெஞ்சு உயரத்துக்குக் கிளிசரியா வேலி, உள்ளே கூரை இல்லாத கல்வீடு, முன்னால் கிணறு. படலை இல்லை, அது இருந்த இடத்தில் வெறும் இடைவெளிதான். நிஷாந்த அங்கே நின்று அந்த வீட்டையே பார்த்தார்.

"அண்ணா, வேற இடம் பாப்பம்" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

கண்ணிவெடிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "அதெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு சேர், வாங்கோ" என்று நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சிலுவையோடு றுவன் ரோட்டிலேயே நின்றார்.

வாளிக்கயிறு நனைந்திருந்தது. பக்கத்துக் காணிக்காரர் யாராவது அள்ளியிருப்பார்கள் என்று நினைத்தேன். அள்ளிக் குடித்தோம், அவருடைய காலைக் கழுவினேன், போத்தலை நிரப்பினேன், திரும்பினோம். கிணற்றடியில் இருந்து வேலி இடைவெளிக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும். அதைத் தாண்டிக் கால் வைத்தேன். தார் ரோட்டுச் சூடு பட வேண்டிய உள்ளங்காலில் ஈரமண் பட்டது. நிமிர்ந்து பார்த்தால் முன்னால் கிணறு.

நம்பினால் நம்புங்கள். நான் சிரித்தேன். களைப்பு என்று நினைத்து மறுபடியும் நடந்தேன், இந்தத் தடவை வேலிக்கதியால் தடியைக் கையால் பிடித்துக்கொண்டே காலை வெளியே வைத்தேன், கையில் இருந்த கதியால் எப்போது விட்டுப்போனது என்று தெரியாது, மறுபடியும் ஈரமண், மறுபடியும் கிணறு. பின்வேலியைப் பிரித்துக்கொண்டு பாய்ந்தேன், முழங்கை கிழிந்ததுதான் மிச்சம், விழுந்த இடம் கிணற்றடி. றுவனுடைய சிலுவையின் மேல்முனை வேலிக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது, கல்லெறிகிற தூரம்கூட இல்லை, தொண்டை கிழியக் கத்துகிறேன், அது அசையவில்லை. லவுட்ஸ்பீக்கரில் செபத்தின் அதே பாதிதான் திரும்பத் திரும்பக் கேட்கிறது, சனம் பதிலுக்குச் சொல்கிற மற்றப் பாதி வரவே இல்லை. எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. அந்த வெயிலிலும் பல் கிட்டித்தது. இனி இந்த வளவுதான் எனக்கு, பிள்ளைகள் எங்கே தேடினாலும் என்னைக் காணமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குசினிப் பக்கம் யாரோ தேங்காய் திருவுகிறார்கள். போய்ப் பார்த்தேன். அடுப்பு இருந்த இடத்தில் எருக்கஞ்செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது, ஆள் இல்லை, ஆனால் சத்தம் என் காலடியில் இருந்துதான் வருகிறது, கர்ர் கர்ர் என்று, அவசரமே இல்லாமல்.

திரும்பி வந்தால் நிஷாந்த கிணற்றுக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நீ போ அண்ணா" என்றார். "உன்ன விடும். நான் இருக்கிறது."

என்ன கதை இது என்று கேட்க எனக்கு நேரம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இத்தனை வருட வேலையில் வீட்டு ஆட்களுக்குச் சொல்லாமல் நான் ஒரு வளவை விட்டும் வெளிக்கிட்டதில்லை. குசினியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "அம்மா, தண்ணி குடிச்சிட்டம். போயிட்டு வாறம்."

திருவுகிற சத்தம் நிற்கவில்லை.

"சேர், நீங்களும் சொல்லுங்கோ."

"என்ன சொல்லுறது?"

"போயிட்டு வாறன், அம்மா."

அவர் எழும்பி, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, அந்த வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "போயிட்டு வாரன், அம்மா."

சத்தம் நின்றது. அவர் சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் நின்றது. அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன், உள்ளங்கால் தாரில் சுட்டது. அந்தச் சூட்டுக்கு நான் அழுதேன்.

றுவன் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். நாலு தரம் கூப்பிட்டாராம், நாங்கள் திரும்பவே இல்லையாம். கிணற்றுக்கட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, குனிந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமாம். "எனக்கும் தந்திருக்கலாம்" என்றார்.

பின்னேரம் வெருகல் ஆற்றங்கரையில் இருந்தபோது நிஷாந்த கேட்டார், நான் சொல்லிக்கொடுத்ததற்கு என்ன அர்த்தம் என்று. போகிறேன், ஆனால் திரும்பி வருவேன் என்று அர்த்தம், நாங்கள் வெறுமனே போகிறேன் என்று சொல்வதில்லை என்றேன். அவருடைய முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. பிறகு மெல்லிய குரலில் சிங்களத்தில் சொன்னார். சண்டைக் காலத்தில், சேர்ந்த புதிதில், அவர் இருந்த படையணி ஆட்கள் நாலு நாள் அந்த வீட்டில் தங்கினார்களாம். ஊர் முழுக்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது, ஒரு பெண் மட்டும் இருந்தாள், அவருக்குச் சோறு கொடுத்தாள். ஐந்தாம் நாள் முன்னேறச் சொல்லிக் கட்டளை வந்தது. அவளும் மூட்டை கட்டினாள். அவர்தான் கையைக் காட்டித் தடுத்தாராம், இங்கேயே இரு, நான் வந்து பத்திரமாகக் கூட்டிப்போகிறேன் என்று. அன்று மாலை அந்தப் பக்கம் ஷெல் விழுந்தது. அவர் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

அவரை உள்ளே கூட்டிப்போனது நான், அந்த வாக்கை இரண்டாம் தரமும் அவர் வாயால் சொல்லவைத்ததும் நான்.

யாத்திரை முடிந்தது. அவர் பென்சன் எடுத்து சிலாபத்துக்குப் போய்விட்டார். போன மாதம் எனக்குப் போன் எடுத்தார், நல்ல சந்தோஷமான குரல். விடியற்காலையில் கட்டிலில் இருந்து எழும்பும் முன் காதுக்குள் யாரோ தமிழில் ஒன்று கேட்கிறார்களாம், பயமாக இல்லையாம், அன்பாகத்தான் கேட்கிறதாம். அர்த்தம் தெரியாமல் கேட்டபடியே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: "வெளி-கிட்-டிட்-டியோ தம்பி?"

புறப்பட்டுவிட்டாயா என்று அர்த்தம். எங்கள் பக்கத்துப் பேச்சு, சிங்கள ஆளுக்கு அது விளங்க வழியே இல்லை.

"சுகமாய் இருக்கிறியோ எண்டு கேக்கிறது, சேர்" என்றேன்.

அந்தப் பக்கம் அவர் பெரிதாக மூச்சு விட்டார். "அப்பிடியா? நல்லது அண்ணா. அர்த்தம் தெரியாம நான் எல்லா நாளும் ஓம், ஓம் எண்டு சொல்லுறது. அது சரிதானே?"

ஆமாம் என்று நானும் அதே ஓமைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவரிடம் இருந்து போன் வரவில்லை. எடுத்துப் பார்க்க எனக்கும் துணிவு வரவில்லை.