இலை உதிரும் மாதம்

வெள்ளறடை பேருந்து நிறுத்தத்தில் ஒரு துப்புரவுப் பணியாளர் பெருக்கிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் ஆண்சட்டை, கையில் தென்னை ஈர்க்குமாறு. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் மாதம் அது. பெருக்கிய மண்ணிலேயே மறுபடி இலைகள் விழுந்தன. அவரோ பின்னோக்கி நடந்து, தன் காலடித் தடத்தையும் அழித்துக்கொண்டே பெருக்கினார்.

இலக்கியத்தில் அபத்தம் பற்றிய என் ஆய்வேடு மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. இனி எழுதப்போவதில்லை என்று நெறியாளரிடம் சொல்லத் திருவனந்தபுரம் கிளம்பியிருந்தேன்.

“அக்கா, இலையெல்லாம் விழுந்து தீர்ந்த பிறவு தூத்தா போதாதா?”

“அதுவரை பஸ்ஸுக்கு வாற ஆளுவ எங்க இருக்கும் மக்கா? கால எடு.”

பெஞ்சில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கினேன். எனக்குக் கீழேயும் பெருக்கிவிட்டு நகர்ந்தார்.

பேருந்து வந்தது. நான் ஏறவில்லை. ஆய்வேட்டைப் பிரித்தேன். காற்றில் வந்த இலையொன்று முதல் பக்கத்தில் விழுந்தது. தட்டிவிட்டு, பேனாவைத் திறந்தேன்.