போலீஸ் தேடிய மூன்றாவது பெண்

எங்கள் தெருவில் தையல்காரம்மா என்று அழைக்கப்பட்டவர் சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, காலை ஆறு பத்துக்குக் காலமானார். வயது எண்பத்து நான்கு. சுதந்திரப் போராட்ட நாட்களில் அவர் கைதானபோது வாக்குமூலம் எழுதிய ஸ்டேஷன் குமாஸ்தா நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கே அது முழுதாக விளங்கியதில்லை.

அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. வீட்டு முன்னறையில் அவர் மிஷினை மிதிப்பார். கணவருடைய தம்பி மனைவி, அதாவது ஓரகத்தி, எதிரே உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். மிஷின் ஓர் ஓட்டம் ஓடி நின்றதும் இவர் வெள்ளைக்காரனை எதிர்த்து ஒரு பாட்டு வரி சொல்வார். அடுத்த ஓட்டம் முடிவதற்குள் அவள் எதிர்வரி சொல்ல வேண்டும். துணி வாங்க வரும் கல்லூரிப் பெண்கள் அதை எழுதிக்கொண்டு போய், 'இயற்றியவர்: ஒரு பெண்' என்று ரகசியமாக அச்சிட்டு ஊர்வலங்களில் பாடினார்கள். முடிந்த பாட்டை இருவரும் திரும்பச் சொல்லிப் பார்த்ததேயில்லை. அடுத்த சட்டைக்கு அடுத்த பாட்டு. இதெல்லாம் அவரே பல வருடம் கழித்து என்னிடம் சொன்னது.

யாரோ துப்புக் கொடுத்தார்கள். இருவரையும் அழைத்து வந்தார்கள். பாட்டு அச்சிட்ட நோட்டீஸைக் கையில் வைத்திருந்தால் எச்சரிக்கையோடு போகும். பாட்டு எழுதியவளுக்கு இரண்டு வருடம் ஜெயில். ஓரகத்திக்கு அப்போது எட்டாம் மாதம்.

"நான்தாங்க எழுதினேன். இவளுக்குக் காஜாவ விட்டா ஒண்ணும் தெரியாது. வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார் தையல்காரம்மா.

"பொய் சொல்றாங்க சார். அக்கா மளிகைச் சீட்டு எழுதினாலே மூணு சாமான் விட்டுப் போகும். பாட்டு என்னோடது."

"நீ சும்மா இருடி, வயித்துப் புள்ளக்காரி!"

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஜெயிலுக்குப் போக ஓரகத்திங்க போட்டி போட்டு இப்பத்தான்யா பாக்கறேன். எங்க வீட்டுல ஒரு தட்டக் கழுவ இந்தப் போட்டி வந்ததில்ல."

பிறகு இருவரையும் தனித்தனி அறையில் வைத்து, எழுதியவளுக்கு முழுப் பாட்டும் தெரியும், சொல்லச் சொல் என்றார். பதினாறு வரி அச்சிட்ட தாள் என் கையில். வரிக்கு வரி ஒத்துப்பார்க்க வேண்டியது என் வேலை.

"ஊசி குத்த இடங்கேட்டோம்" என்றார் தையல்காரம்மா. நின்றார். எதிரிலிருந்து யாரோ சொல்ல வேண்டும் என்பது போலச் சுவரைப் பார்த்தார். "ஊமை என்று நினைத்தாயே" என்று தொடர்ந்தார். தாளில் இருந்தது, 'ஊரைச் சுருட்டிப் போனாயே'. இப்படியே எட்டு வரி சரி, எட்டு வரி அந்த நேரத்தில் பிறந்தவை. ஓரகத்தியும் எட்டு வரி சரியாகச் சொன்னாள்; இவர் தவறிய அதே எட்டு.

இரண்டு எட்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒவ்வொருத்தி சொன்னதும் பாட்டோடு பொருந்துகிறதா என்பது மட்டுமே கேள்வி. 'முழுமையாகப் பொருந்தவில்லை' என்று இரண்டு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பிழை இல்லை. அதை ஒழுங்குக்காக எழுதினேனா, இரக்கத்தால் எழுதினேனா என்று மட்டும் இன்றும் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப வேற எவளோ ஒருத்தி இருக்கா" என்றார் இன்ஸ்பெக்டர். மாலை நான்கு இருபதுக்கு இருவரும் வீடு போனார்கள். இருபத்திரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது.

அந்த மூன்றாமவளைப் போலீஸ் நான்கு வருடம் தேடியது. படித்தவள், உயரமானவள் என்று அடையாளம்கூட வந்தது, யார் பார்த்தார்களோ! விடுதலைக்குப் பிறகு கல்லூரி வாசலில் 'பெயர் அறியாத கவிஞர்' என்று அவளுக்கு ஒரு கல் வைத்தார்கள். திறப்பு விழாவில் கடைசி வரிசையில் தையல்காரம்மா உட்கார்ந்து கை தட்டியதை நான் பார்த்தேன்.

ஓரகத்தி இறந்த வருடம் நான் அவரிடம் கேட்டேன். "உண்மையச் சொல்லி ஒரு கடிதம் எழுதட்டுமாம்மா? கல்ல மாத்திடுவாங்க."

"வேணாம் தம்பி. பாதி என்னுதுன்னா, எந்தப் பாதிம்பாங்க. எனக்கே இப்பக் கொழம்புது. அதுவுமில்லாம, எங்களுக்கு வீடு, புள்ள, பேரன்னு ஆயிரம் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு அந்தக் கல்லு ஒண்ணுதானே இருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேலியாகச் சொன்னாரா, அப்படி ஒருத்தி இருந்தாள் என்றே நம்பிவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது.